பரிமேலழகர் உரையில் நோயுற்றவனின் பொருளுடைமை: மருத்துவச் சமநீதி நோக்கு

முன்னுரை

மருத்துவ மேம்பாடு என்பது கருவி, மருந்து, வல்லுநர் ஆகியவற்றின் பெருக்கமாகவே பெரிதும் கருதப்படுகிறது. அம்மேம்பாடு யாரைச் சென்றடைகிறது என்னும் வினா அறத்தின்பாற்பட்டது. அதனைக் குறள் உரைமரபின் துணைகொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது.

உரைமரபு

'மருந்து' அதிகாரத்தின் இறுதிக் குறள் (950) நோயுற்றவன், மருத்துவன், மருந்து, உடனிருந்து உதவுவோன் ஆகிய நான்கனையும் மருத்துவத்தின் கூறுகளாக்குகிறது. இவை ஒவ்வொன்றும் நந்நான்கு வகையுடைத்து என விரிக்கும் பரிமேலழகர், நோயுற்றவனுக்குரிய வகைகளாகப் பொருளுடைமை, மருத்துவன்வழி நிற்றல், நோய்நிலை உணர்த்தல், மருந்தின் துன்பம் பொறுத்தல் என்பனவற்றைக் கூறுகிறார். வாக்படரின் அஷ்டாங்க இருதயமும் நோயாளியின் இயல்புகளுள் செல்வமுடைமையைச் சேர்க்கிறது. சரக சங்கிதையின் பட்டியலில் அஃது இல்லை, குறளிலும் இல்லை. எனவே, பொருளுடைமை மருத்துவத்தின் மாறா நிபந்தனையன்று எனக் கொள்ள இடமுண்டு.

காஞ்சன்பாக் காட்டும் நிலை

ஐதராபாத்தின் காஞ்சன்பாக்கில் பாதுகாப்பு உலோகவியல் ஆய்வகம், மிதானி போன்ற நடுவணரசு நிறுவனங்களும், 1984இல் தொடங்கப்பட்ட தக்காண மருத்துவக் கல்லூரியும் உள்ளன. மருத்துவச் செலவை நிறுவனமே ஏற்கும் நிரந்தரப் பணியாளரும், அன்றாடக் கூலியை நம்பி வாழ்வோரும் அருகருகே வாழும் பகுதி இது. மருத்துவமனை இருசாராருக்கும் அண்மையில் இருப்பினும் சிகிச்சை பெறும் வாய்ப்பு ஒன்றன்று.

2007இல் ஒன்றுபட்ட ஆந்திரத்தில் தொடங்கப்பட்ட ஆரோக்கியஸ்ரீ, ஏழைக் குடும்பங்களின் சிகிச்சைச் செலவை அரசே ஏற்கச் செய்தது. தெலங்கானா அரசு 2023 டிசம்பரில் அதன் உச்சவரம்பைப் பத்து இலட்சம் ரூபாயாக்கியது. பரிமேலழகர் கூறும் பொருளுடைமையை நோயுற்றவனுக்காக அரசு ஈட்டித் தரும் முயற்சி இதுவெனலாம். எனினும் இத்திட்டம் பெரிதும் மருத்துவமனையில் தங்கிப் பெறும் சிகிச்சைக்கே உரியது. சர்க்கரை நோய்க்கான அன்றாட மாத்திரை, பேருந்துக் கட்டணம், இழந்த ஒருநாள் கூலி ஆகியன நோயாளியின் தலையிலேயே விழுகின்றன. 2018 முதல் திறக்கப்பட்ட பஸ்தி தவாகானாக்கள் இலவச மருத்துவத்தைக் குடியிருப்புக்கு அருகே கொண்டுவந்து இவ்விடைவெளியை ஓரளவு குறைக்கின்றன.

குறை யாருடையது?

ஏனைய வகைகளும் பொருளைச் சார்ந்தே நிற்கின்றன. கூலி இழக்க அஞ்சி மறுமுறை வாராதவர் 'மருத்துவர் சொற்கேளாதவர்' எனப்படுகிறார். உருது மட்டுமே அறிந்த பெண் தெலுங்கில் வினவப்படின் நோய்நிலை உணர்த்த இயலாதவராகிறார். சூழலின் குறை நோயாளியின் இயல்புக் குறையாக ஏற்றப்படுவதே இங்குள்ள அறப்பிழை.

வளம் குறைந்த நாட்டில் சராசரி உயர்ந்தால் போதும் என்பர் சிலர். மருத்துவம் மிகுதியும் தேவைப்படுவோர்க்கே அது குறைவாகக் கிட்டுகிறது என ஜூலியன் டியூடர் ஹார்ட் 1971இல் சுட்டினார். சராசரி இவ்வேற்றத்தாழ்வை மறைத்துவிடும்.

முடிவுரை

சமநீதி மேம்பாட்டின் பின்விளைவாகத் தானே வந்தமைவதன்று. அதன் குறிக்கோளாகவே வைக்கப்பட வேண்டுவது. வருவாய், பால், மொழி, வாழிடம் வாரியாகச் சிகிச்சையின் பயன் அளக்கப்படுதல் அதற்கு முதற்படியாகும். பொருளுடைமையை நோயுற்றவனின் வகையினின்று நீக்கிச் சமூகத்தின் கடமையாக்குவதே குறளின் நாற்கூற்றுக்கு இக்காலம் எழுதத்தக்க உரை எனலாம்.