வாடுமுன் கொடுத்த மாலை



மாசி மகத் தேர்த் திருவிழாவினை முன்னிட்டுக் காரமடை அரங்கநாதன் சன்னிதியில் கூடியிருக்கும் மெய்யன்பர்களுக்கு அடியேனின் விண்ணப்பம் ஒன்று உண்டு.

கடோபநிஷத்தில் ஒரு வரலாறு வருகிறது. வாஜசிரவஸ் என்பார் தமக்குள்ளவை அனைத்தையும் வழங்கும் வேள்வி ஒன்றைச் செய்தார். அவர் தட்சிணையாக அளித்த பசுக்களோ நீர் பருகவும் புல் மேயவும் வலுவற்றவை, பால் வற்றியவை, கன்று ஈனும் பருவம் கடந்தவை. அதைக் கண்ட புதல்வன் நசிகேதஸ், சிறுவனேயாயினும், இத்தகைய தானம் இன்பமற்ற உலகங்களுக்கே இட்டுச் செல்லும் என உள்ளம் பதைத்தான்.

பாடசாலையில் இதனைப் பன்முறை ஓதிய அடியேனுக்கு, இதன் பொருள் விளங்கியது ஒரு தீபாவளியின்போதுதான். பரணில் பல்லாண்டு கிடந்த துணிகளை மூட்டையாகக் கட்டி, தெருக் கூட்டும் அம்மையாரிடம் தானமென்று கொடுத்தேன். மறுநாள் அவர், "சாமி, கோவிச்சுக்காதீங்க. எல்லாம் இத்துப் போச்சுங்க. குப்பை வண்டியிலதானுங்க போட்டேன்" என்றார். அடியேன் தலைகுனிந்தேன். அவை ஒருகாலத்தில் நல்ல ஆடைகளே. அன்றே கொடுத்திருந்தால் யாரேனும் உடுத்தியிருப்பர். வைத்திருந்து இற்றுப்போகச் செய்து, பின்பு அதற்குத் தானம் என்று பெயரிட்டேன்.

அந்த வண்டிகளின் சுமை எங்கே சேர்கிறது? கோவை மாநகரின் குப்பை, 600 ஏக்கருக்கும் மேற்பட்ட பரப்புள்ள வெள்ளலூர்க் கிடங்கில் பல்லாண்டுகளாகக் குவிந்தது. 2024 ஏப்ரலில் அது தீப்பற்றிப் பல நாள் புகைந்தபோது, அருகே வாழ்ந்தோர் அப்புகையையே சுவாசித்தனர். நம் பரணில் வீணானது அயலார் மூச்சில் கலந்தது.

ஒருவர் பயன்படுத்தியதை மற்றொருவர் ஏற்பது இழிவன்று. எம்பெருமான் சாற்றிய வஸ்திரத்தைப் பரிவட்டமாகத் தலையில் ஏற்கிறோம். ஆண்டாளுக்குச் சூடிக் கொடுத்த நாச்சியார் என்றே திருநாமம். ஆயினும் ஒன்றைக் கருத வேண்டும். மாலையை வாடுமுன் கொடுத்தால் பிரசாதம். வாடிய பின்போ நந்தவனத்துக்கு எரு. காலமும் மரியாதையுமே வேறுபாடு.

ஆகவே, கொடுக்கும் துணியைத் துவைத்து, அறுந்த பொத்தானைத் தைத்துக் கொடுங்கள். தேர்வு முடிந்தவுடனே பாடநூல்களை அடுத்த வகுப்புப் பிள்ளைக்கு அளியுங்கள். "வேண்டுமா?" என்று கேட்ட பின்னரே பாத்திரத்தை நீட்டுங்கள். உடுத்த உதவாத பழைய வேட்டியைப் பையாகத் தைத்துச் சந்தைக்கு எடுத்துச் செல்லுங்கள். திருநெல்வேலி ஆட்சியர் அலுவலக வளாகத்தில் 'அன்புச் சுவர்' அமைத்தார்கள். மிகுதியுள்ளோர் வைத்தனர், தேவையுள்ளோர் கேளாமலே எடுத்துக்கொண்டனர். 2023 மே மாதத்தில் நாடெங்கும் நகரங்களில் பழைய துணி, நூல், விளையாட்டுப் பொருள்களைப் பெற்றுக்கொள்ளும் மையங்கள் திறக்கப்பட்டன. வழிகள் இல்லாமல் இல்லை, மனமே வேண்டும்.

தேர் நிலை சேர்ந்து, நீங்கள் இல்லம் திரும்பிய அன்றே பரணைத் திறந்து பாருங்கள். இன்னும் வாடாத மாலை ஒன்று அங்கே இருக்கும். அதை உரியவரிடம் சேர்ப்பிக்கும் நல்லெண்ணத்தை அரங்கநாதன் நமக்கெல்லாம் அருள்வானாக.

சுபம்.