ஆள் அனுப்பி ஆகாத காரியம்

மனிதன் தானே செய்தாக வேண்டிய காரியம் எது, பிறரை ஏவிச் செய்துகொள்ளக் கூடியது எது என்ற கேள்விக்கு நீதி நூல்களில்தான் பதில் தேட வேண்டும் என்பதில்லை. கம்ப்யூட்டருக்குள் 'ஷெல்' என்று ஒன்று இருக்கிறது. அங்கேயும் இந்தக் கேள்வி ஒரு தடவை எழுந்தது, பதிலும் கிடைத்தது.

ஷெல்லைப் பார்த்திராதவர்களுக்காக ஒரு வார்த்தை. கறுப்புத் திரை, அதில் கண் சிமிட்டும் ஒரு சின்னக் கட்டம். படமில்லை, பொத்தானில்லை. எழுத்தால் கட்டளையிட்டால் எழுத்தாலேயே பதில் வரும். கட்டளையை வாங்கி நடத்தி வைக்கும் காரியஸ்தன்தான் ஷெல். நான் நாவல் எழுதுவதும் இந்தத் திரையில்தான். அலங்காரம் குறைந்த இடத்தில் எழுத்து நன்றாக ஓடுகிறது என்பது என் அபிப்பிராயம். அது கிடக்கட்டும்.

இந்தக் காரியஸ்தன் பெரும்பாலான வேலைகளைத் தன் கையால் செய்வதில்லை. 'இந்த ஃபோல்டரில் என்னென்ன இருக்கிறது?' என்று கேட்டால், தன்னைப் போலவே ஒரு பிரதியை உண்டாக்குகிறான். அந்தப் பிரதி அந்த வேலைக்குரிய புரோகிராமாக உருமாறி, பட்டியலைக் காட்டிவிட்டு மறைந்து போகிறது. அதுவரை இவன் காத்திருக்கிறான். இந்தத் துறையில் இவர்களுக்குப் பெற்றவன், பிள்ளை என்றே பெயர். பிறக்கும்போது பெற்றவன் நிற்கும் இடமும், அவன் வெளியே எடுத்துக் கொடுத்த சொத்தும் பிள்ளைக்குக் கிடைக்கும். ஆனால் எல்லாம் நகல்தான். பிள்ளை அதை என்ன செய்தாலும் பெற்றவனுடைய மூலப் பிரதியில் ஒரு புள்ளி மாறாது. போகும்போது பிள்ளை விட்டுச் செல்வது ஒரே ஓர் எண். பூஜ்யம் என்றால் காரியம் முடிந்தது என்று அர்த்தம். வேறு எண் என்றால் ஏதோ கோளாறு.

ஆதியில் இந்த ஏற்பாடு கிடையாது. 1969-ல் அமெரிக்காவின் நியூ ஜெர்ஸியில், பெல் ஆய்வுக்கூடத்தில், கென் தாம்ஸனும் டென்னிஸ் ரிட்சியும் அவர்களுடைய சகாக்களும் யூனிக்ஸைத் தொடங்கியபோது, ஒரு முனையில் உட்கார்ந்தவருக்கு ஒரே ஓர் ஆள்தான். அவனே எல்லா வேஷமும் கட்டுவான். பிறகுதான் பிள்ளையைப் பிறப்பிக்கும் வித்தையைச் சேர்த்தார்கள். அதற்குத் தேவைப்பட்டது 27 வரிகள்தான் என்று ரிட்சி 1979-ல் எழுதிய ஒரு கட்டுரையில் சொல்லுகிறார். எல்லோருக்கும் ஒரே சந்தோஷம். அந்தச் சந்தோஷத்தின் நடுவே ஒரு விபரீதம் தெரிய வந்தது. ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு மாறிப் போகும் கட்டளை மட்டும் வேலை செய்யவில்லை! 'அங்கே போ' என்று தட்டினால், பிழை என்று ஒரு முறையீடும் இல்லை. ஆனால் நின்ற இடத்திலேயே நிற்கிறார்கள்.

எழுதியதையெல்லாம் கவலையோடு திரும்பத் திரும்பப் படித்துப் பார்த்தார்கள். கடைசியில் உண்மை புலப்பட்டது. கட்டளை ஒழுங்காகத்தான் நடந்திருக்கிறது. பிள்ளை பிறந்தது, சொன்ன இடத்துக்குப் போயிற்று, போன காரியம் முடிந்ததும் மறைந்தது. அனுப்பியவன் மட்டும் ஓர் அங்குலம்கூட நகரவில்லை. எப்படி நகருவான்? போனவன் அவனல்லவே! ஆகவே அந்த ஒரு கட்டளையை வெளியே ஏவாமல் ஷெல் தன் உடம்பாலேயே செய்யும்படி மாற்றி அமைத்தார்கள். இன்று 'ஸி-டி' என்று இரண்டெழுத்தாகச் சுருங்கிவிட்டது. பிறவியிலேயே ஷெல்லுக்குள் கூடிய கட்டளைகள் என்று ஒரு ஜாதி உண்டு. அதில் இது முக்கியமானது.

எனக்குத் தெரிந்த ஒருவருக்கும் அவருடைய தமையனாருக்கும் நிலத் தகராறில் பதினோரு வருஷம் பேச்சில்லை. தமையனார் படுக்கையில் விழுந்தார் என்று கேள்விப்பட்டதும் இவர் மகனிடம் பழக்கூடையைக் கொடுத்து அனுப்பினார். பையன் நல்ல பிள்ளை. இரண்டு நாள் இருந்து, பெரியப்பாவின் கால் பிடித்துவிட்டு, பழைய கதைகளெல்லாம் கேட்டுக்கொண்டு வந்தான். 'நன்றாகத்தான் பேசினார் அப்பா' என்றான். 'அப்படியானால் சரிதான், எல்லாம் தீர்ந்தது' என்று இவர் என்னிடம் வந்து நிம்மதியாகச் சொன்னார். பையனுக்கும் பெரியப்பாவுக்கும் இடையில் இருந்தது தீர்ந்தது உண்மை. அவன் நிஜமாகவே வேறோர் இடத்துக்குப் போய் வந்தவன். அனுப்பியவர் பழைய வரப்பிலேயேதான் நின்றுகொண்டிருந்தார். பையன் கொண்டு வந்த பூஜ்யத்தை அவர் தம் கணக்கில் வரவு வைத்துக்கொண்டார்.

இந்த மயக்கத்துக்கும் ஷெல் உலகத்தில் ஓர் உதாரணம் உண்டு. மாக் கம்ப்யூட்டரில் 'ஸி-டி' என்ற பெயரிலேயே வெளியே தனியாக ஒரு புரோகிராமும் இருக்கிறது. இன்ன இன்ன கட்டளைகள் வெளியிலும் கிடைக்க வேண்டும் என்ற பொது விதிக்காக வைத்தது. முழுப் பாதையைச் சொல்லி அதைக் கூப்பிட்டால் அது போகும், வரும், வெற்றி என்று பூஜ்யமும் சொல்லும். நாம் இருந்த இடத்திலேயே இருப்போம்.

எல்லாவற்றையும் தானே செய்ய வேண்டும் என்று நான் வாதாட வரவில்லை. அப்படிச் செய்பவர்களிடம் எனக்கு மதிப்பும் குறைவு. பிள்ளைகளை அனுப்பி வேலை வாங்குவதில்தான் யூனிக்ஸின் கெட்டிக்காரத்தனமே இருக்கிறது. மேலும், உள்ளேயே வைத்துக்கொண்டதெல்லாம் ஆள் அனுப்பி ஆகாதவை என்றும் சொல்ல முடியாது. சொன்னதைத் திருப்பிச் சொல்லும் 'எக்கோ'வை வெளி ஆளும் செய்வான். அனுப்பிக் காத்திருக்கும் நேரம் மிச்சம் என்பதற்காகத்தான் அது உள்ளே இருக்கிறது. 'இதை நான்தான் செய்ய வேண்டும்' என்று வீட்டிலும் ஆபீஸிலும் நாம் கட்டிக்கொண்டு அழுகிற வேலைகளில் எத்தனை எக்கோக்கள்! 'கில்' என்ற கட்டளை வேறு விதம். கட்டுக்கடங்காமல் ஓடும் பிள்ளையை நிறுத்துவது அது. பிள்ளைகள் பெருகி, இன்னொன்றைப் பிறப்பிக்க இடமே இல்லாமல் போகும் சமயத்தில்தான் அது அவசரமாகத் தேவைப்படும். அப்போது அனுப்ப ஆளேது? அதனால் அதையும் கைவசம் வைத்திருக்கிறது ஷெல்.

விசைகளிலும் இந்தப் பேதம் உண்டு. கண்ட்ரோலோடு 'ஸி'யை அழுத்தினால் அடி விழுவது முன்னால் ஓடிக்கொண்டிருக்கும் பிள்ளைக்கு. அனுப்பிய ஷெல்லுக்கு ஒன்றும் ஆகாது. வெற்று வரியில் கண்ட்ரோலோடு 'டி'யை அழுத்தினால், 'இனிச் சொல்ல ஒன்றுமில்லை' என்று அர்த்தம் கொண்டு ஷெல்லே எழுந்து போய்விடும்.

கதை எழுதுகிறவனான எனக்கு மிகவும் பிடித்த கட்டளை ஒரே ஒரு புள்ளி. பல கட்டளைகளை ஒரு கோப்பில் எழுதி வைத்து, அதைச் சாதாரணமாக ஓட்டினால், ஒரு பிள்ளை பிறந்து அதைப் படித்து நடத்தும். கோப்பில் பத்து இடங்களுக்குப் போகச் சொல்லியிருந்தாலும் சுற்றி வருவது பிள்ளைதான். அதே கோப்பின் பெயருக்கு முன்னால் ஒரு புள்ளியும் ஓர் இடைவெளியும் வைத்தால் ஷெல் தானே உட்கார்ந்து படிக்கிறது. படித்து முடிக்கும்போது அது வேறோர் இடத்தில் நிற்கும். கையிலிருந்த சொத்தும் மாறியிருக்கும். ஐந்து நிமிஷத்தில் கதையைச் சொல்லிவிடுங்கள் என்று கேட்கிறவர்களையும், இப்போது யந்திரத்திடம் சுருக்கம் வாங்கிக்கொள்கிறவர்களையும் பார்க்கும்போது இந்தப் புள்ளி எனக்கு ஞாபகம் வரும். அவர்கள் பிள்ளையை அனுப்பி நாவல் படிக்கிறார்கள். அதில் ஒரு சௌகரியம் இருப்பதையும் மறுக்க மாட்டேன். வந்த சரக்கு மோசமானால் பிள்ளையோடு போயிற்று. புள்ளி வைத்துப் படித்தால் அந்தப் பாதுகாப்பு இல்லை. பிறர் எழுதிய கோப்பில் 'எக்ஸிட்' என்று ஒரு வரி ஒளிந்திருந்தால் ஷெல்லே முடிந்து போகும். ஆகவே பழகினவர்கள் புள்ளியை வைக்குமுன் கோப்பைத் திறந்து, கடைசி வரி வரைக்கும் ஒரு தடவை பார்த்துக்கொள்கிறார்கள்.