தனித்தீவும் தனிமனிதனும்

ஒரு மனிதன் எல்லாரையும் விட்டுத் தன்னந்தனியாய் ஆளில்லாத தீவொன்றில் போய்க் குடியிருக்கலாமா? அது பாவமென்று சொல்லப் பத்துக் கற்பனைகளில் ஒன்றும் இடங்கொடுக்கவில்லை. ஆனாலும் "தாராளமாய்ப் போகலாம்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடவும் மனம் துணிகிறதில்லை. இப்படிப்பட்ட கேள்வியை அந்தரத்தில் நிறுத்தி விசாரிப்பதைவிட, மெய்யாகவே போய் இருந்த ஒருவருடைய சீவியத்தைப் பார்த்து விசாரிப்பது மேல்.

டாம் நீல் என்பவர் நியூசிலாந்து தேசத்தில் 1902-ல் பிறந்தவர். வாலிபத்தில் கடற்படையில் சேர்ந்தார். பிற்பாடு பசிபிக் சமுத்திரத்திலுள்ள குக் தீவுகளில் கடைக்காரராய் வேலை பார்த்தார். அங்கே ராபர்ட் பிரிஸ்பி என்னும் அமெரிக்க எழுத்தாளர் அவருக்குச் சினேகிதரானார். இந்தப் பிரிஸ்பி தம்முடைய நாலு சிறு பிள்ளைகளோடு சுவாரோ என்ற பவளத்தீவில் தங்கியிருந்தபோது, 1942-ம் ஆண்டு பெரும்புயல் அடித்து, அலைகள் தீவின்மேலேயே புரண்டு ஓடின. பிள்ளைகளை மரங்களில் கயிற்றால் கட்டிவைத்துத்தான் அவர் காப்பாற்றினார். இந்தக் கதையைக் கேட்ட பிறகு நம்மில் யாரும் அந்தத் திசையில் தலைவைத்துக்கூடப் படுக்கமாட்டோம். நீலுக்கோ அங்கே போயே தீரவேண்டும் என்ற ஆசை பிடித்துக்கொண்டது! பல வருஷம் காத்திருந்து, 1952 அக்டோபர் மாதம், ஐம்பது வயதை நெருங்கும் சமயத்தில், இரண்டு பூனைகளைத் துணைக்கு எடுத்துக்கொண்டு அங்கே போய் இறங்கினார்.

குக் தீவுகளில் தலைமையான ராரோடோங்காவிலிருந்து சுவாரோவுக்கு ஏறக்குறைய 950 கிலோமீட்டர் தூரம். வட்டமாய்ப் பவளப்பாறை, அதன் நடுவே அமைதியான நீர், பாறைமேல் அங்கங்கே மணல்திட்டுகள். இவர் குடியிருந்த திட்டு ஒரு கிலோமீட்டர் நீளங்கூட இல்லை. தென்னை உண்டு, மீன் உண்டு, வாடகை கேட்பாரில்லை. கேட்கச் சுகமாய்த்தான் இருக்கிறது. ஆனால் அவர் போட்ட தோட்டத்தைக் காட்டுப்பன்றிகள் கிளறித் தின்றன. அவைகளைக் கொன்று ஒழிக்கும்வரையில் ஒரு கீரைகூடத் தங்கவில்லை. பிறகு செடிகள் பூத்தன, காய்க்கவில்லை. மகரந்தத்தைக் கொண்டுபோக அங்கே தேனீ இல்லை. கடைசியில் தேனீயின் வேலையையும் மனிதனே செய்யவேண்டியதாயிற்று. பூவுக்குப் பூ தம் கையாலேயே மகரந்தம் தடவினார். பழைய படகுத்துறையை மாதக்கணக்காய்ப் பவளக்கல் சுமந்து திரும்பக் கட்டினார். முடித்த கையோடு ஒரு புயல் வந்து அதை வாரிக்கொண்டு போயிற்று.

ஆகவே அவர் சோம்பேறித்தனத்தால் ஓடிப்போனார் என்று சொல்லமுடியாது. ஊரிலிருந்து உழைப்பதைவிட அங்கே அதிகமாய் உழைத்தார். தனிமை சோம்பேறிகளுக்கு ஏற்ற இடமல்ல என்பதை, தனியே கூடாரமடித்து நாலு நாள் தங்கிப் பார்த்தவர்களும் அறிவார்கள்: அடுப்பு மூட்டுவதும் நாம்தான், பாத்திரம் தேய்ப்பதும் நாம்தான்.

தனித்துப் போகிறவர்களைத் திருச்சபை ஒருபோதும் பழித்ததில்லை. எகிப்து வனத்தின் அர்ச். அந்தோனியாரை அறியாதவர் யார்? ஆனால் அவருடைய சரித்திரத்தில் ஒரு சிறு விஷயத்தை அநேகர் கவனிப்பதில்லை. தாய் தகப்பன் இறந்துபோக, ஒரு தங்கை அவருடைய பொறுப்பில் இருந்தாள். அவளைத் தமக்குத் தெரிந்த நம்பிக்கையான கன்னியர்களிடம் ஒப்படைத்த பிற்பாடே அவர் தபசு வாழ்க்கையில் இறங்கினார். அர்ச். தோமாஸ் அக்குயினாஸ் இன்னும் தெளிவாய்ப் பேசுகிறார். அவருடைய போதகத்தின்படி, தனிமை என்பது ஒரு கருவி, அதுவே புண்ணியமல்ல. மண்வெட்டி நல்லதா கெட்டதா என்று கேட்பாருண்டா? அதை எடுத்துக்கொண்டு எதை வெட்டப் போகிறாய் என்றுதான் கேட்கவேண்டும்.

"நான் யாருக்கும் தீங்கு செய்யவில்லை, யாரிடத்திலும் கையேந்தவில்லை. என்னை ஏன் கேள்வி கேட்கிறீர்கள்?" என்று தனிமையை விரும்புகிறவர் சொல்லக்கூடும். இந்த நியாயத்தின் இரண்டாம் பாதியை முதலில் பார்ப்போம். நீல் குடியிருந்த குடிசை, யுத்தகாலத்தில் கடற்கரைக் காவலுக்கு வைக்கப்பட்டிருந்தவர்கள் விட்டுப்போனது. அவர் குடித்த மழைநீர் அவர்கள் வைத்த தொட்டிகளில் சேர்ந்தது. அவரைக் கொண்டுபோய் இறக்கியது பிறருடைய கப்பல். 1954-ல் ஒருநாள் படகின் நங்கூரத்தை வீசும்போது அவர் முதுகு பிடித்துக்கொண்டது. எப்படியோ குடிசைக்கு வந்து சேர்ந்து, எழுந்திருக்கமுடியாமல் நாலு நாள் கிடந்தார். குரல் கொடுத்தால் கேட்பதற்கு ஒரு சீவனும் இல்லை. அப்போது தற்செயலாய் அந்தப் பக்கம் பாய்மரப் படகில் வந்த இரண்டு அமெரிக்கர் அவரைக் கண்டெடுத்துப் பணிவிடை செய்து, அவர் ஊர் திரும்ப வழிசெய்தார்கள். இதைத் தற்செயல் என்று உலகம் எழுதுகிறது. நான் தேவபராமரிப்பு என்பேன், அது கிடக்கட்டும். தனியாய் வாழ்வதற்குக்கூடப் பிறர் கட்டிய கூரையும் பிறர் நீட்டிய கையும் வேண்டியிருந்தன என்பதுதான் இங்கே கவனிக்கத்தக்கது.

நியாயத்தின் முதல் பாதியோ அதிகக் கஷ்டமானது. ராரோடோங்காவுக்குத் திரும்பிய நீல் 1956-ல் விவாகம் செய்துகொண்டார். இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பனானார். 1960-ல் அவர்களை விட்டுத் தமது தீவுக்கு மறுபடியும் கப்பலேறினார்.

1952-ல் போன மனிதனும் 1960-ல் போன மனிதனும் ஒருவரே. தீவும் அதே தீவு. ஆனால் செய்கை அதே செய்கையல்ல. முதல்தரம் போனபோது தமக்குச் சொந்தமானதைச் செலவழித்தார். இரண்டாந்தரம் போனபோது பிறருக்குச் சொந்தமானதையும் சேர்த்துச் செலவழித்தார். தகப்பனுடைய காலமும் கவனமும் பிள்ளைகளுக்கு உரிய ஆஸ்தி. மாதாமாதம் பணம் வந்துசேர்ந்தாலும் அந்தக் கடன் பாதிதான் தீரும். பிழைப்புக்காகக் கடல்கடந்து போகிற தகப்பன்மாரை நான் இங்கே சேர்க்கவில்லை. அவர்கள் பிள்ளைகளுக்காகவே பிரிந்திருக்கிறார்கள். அந்தப் பிரிவை அவர்களும் சேர்ந்து அழுது தீர்க்கிறார்கள். நான் கேட்பது, தன் மன அமைதிக்காகப் பிரிகிறவனைப் பற்றி. அவனைக் கொடியவன் என்று தீர்ப்பிடவும் எனக்குப் பிரியமில்லை. அப்படிப்பட்ட ஏக்கம் சிலருடைய சுபாவத்திலேயே ஊறிக்கிடக்கிறது. ஆனால் ஏக்கம் பலமாயிருப்பதால் கடன் குறைந்துபோகிறதில்லை.

1963-ல் மானிஹிகித் தீவிலிருந்து முத்துக்குளிக்கிறவர்கள் சுவாரோவுக்கு வந்து அமைதி கெட்டதனாலும், வயதான காலத்தில் தனியாய்ச் சாக மனமில்லாததனாலும், அவர் மறுபடி ஊர் வந்தார். "தமக்கென்று ஒரு தீவு" என்று பொருள்படும் பெயரில் அவருடைய புத்தகம் 1966-ல் வெளியாயிற்று. அடுத்த வருஷமே திரும்பவும் தீவு! பத்து வருஷம் கழித்து, 1977-ல், புற்றுநோய் கண்ட நிலையில் ஒரு பாய்மரப் படகு அவரை ராரோடோங்காவில் கொண்டுவந்து சேர்த்தது. அவ்வருஷமே அங்கே மரித்தார்.

சுவாரோ எங்கே, நாம் எங்கே என்று வாசிக்கிறவர்கள் நினைக்கலாம். கப்பலேறாமலே தீவுக்குப் போகிறவர்கள் உண்டு. சாயங்காலம் வீட்டுக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்து, அந்தக் காலத்தில் பத்திரிகையும் இந்தக் காலத்தில் கைப்பேசியுமாய், பிள்ளை மூன்றுதரம் "அப்பா" என்று கூப்பிட்டும் காதில் விழாமலிருக்கிறவரை எந்தக் கணக்கில் சேர்ப்பது? 950 கிலோமீட்டர் போன நீலாவது தாம் போய்விட்டதை மறைக்கவில்லை.

இதற்கு மறுபக்கமும் உண்டு. நம் வீடுகளில் தனிமை யாருக்கு உண்மையாகவே தேவைப்படுகிறதோ, அவளுக்கு அது கிடைப்பதில்லை. விடியுமுன் எழுந்து, எல்லாரும் படுத்தபின் படுக்கிற தாய் ஒருத்தி, தானாய் ஒரு மணிநேரம் மௌனமாய் உட்கார்ந்த நாள் எது என்று கேட்டால் யோசித்துத்தான் சொல்வாள். அப்படிப்பட்டவள் மூன்று நாள் ஞான ஒடுக்கத்துக்குப் போக ஆசைப்பட்டால், "சோறு யார் வடிப்பது, பிள்ளைகளை யார் பார்ப்பது?" என்ற கேள்வி வாசற்படியிலேயே அவளை மறிக்கிறது. புருஷன் சினேகிதரோடு நாலு நாள் எங்கேயாவது புறப்பட்டால் அந்தக் கேள்வியை யாரும் கேட்கிறதில்லை; கேட்காமலே அவள் பதில் சொல்லிவிடுகிறாள். அடுத்த தடவை அவள் புறப்படட்டும். மூன்று நாளைக்குச் சோறு வடிப்பது, தேனீயில்லாத தீவில் பூவுக்குப் பூ மகரந்தம் தடவுவதைவிடக் கஷ்டமாயிராது.