பாடநூலும் ஆட்சியும்

பிள்ளையின் அறிவு ஆள்வோரின் உடைமை அன்று. கர்நாடகப் பாடநூல் சர்ச்சையை எந்தக் கட்சியின் பக்கம் நின்று பார்த்தாலும் இதை மறுக்க இடமில்லை.

2022இல் பசவராஜ் பொம்மையின் பா.ஜ.க. ஆட்சியில், ரோஹித் சக்ரதீர்த்த தலைமையிலான குழு பள்ளிப் பாடநூல்களைத் திருத்தியது. பத்தாம் வகுப்புக் கன்னட நூலில் ஆர்.எஸ்.எஸ். நிறுவனர் ஹெட்கேவாரின் உரை இடம்பெற்றது. லிங்காயத்தார் போற்றும் பசவண்ணர் பற்றிய பாடத்தை அவர்களின் மடாதிபதிகளே எதிர்த்தார்கள். எழுத்தாளர் தேவனூர் மகாதேவா தம் படைப்பைப் பாடமாக வைக்கத் தந்திருந்த அனுமதியைத் திரும்பப் பெற்றார். எதிர்ப்பு முற்றிய ஜூனில் குழு கலைக்கப்பட்டது. அதற்குள் அதன் வேலை முடிந்துவிட்டிருந்தது.

கர்நாடகத்தில் நடப்பது சர்வாதிகாரம் அன்று. எழுத்தாளர் மறுக்கலாம், வாக்காளர் ஆட்சியை மாற்றலாம். ஆனால் அரசுப் பள்ளிப் பிள்ளைக்கு அந்த வசதி கிடையாது. பெங்களூரில் பணமுள்ள வீட்டுப் பிள்ளை சி.பி.எஸ்.இ. பள்ளிக்குப் போய்விடும், மற்றப் பிள்ளைகள் அச்சானதைப் படித்துத் தேர்வில் எழுதியே ஆக வேண்டும். இந்த நிர்ப்பந்தத்தின் எல்லை எதுவரை போகும் என்பதை நாஜி ஜெர்மனி காட்டியது. மனநோயாளிகளுக்கான விடுதி கட்டும் செலவில் எத்தனை வீடு கட்டலாம் என்பது அங்கே பள்ளிக் கணக்கு. விடை சரியாக வந்தால் மதிப்பெண். கணக்கே தகுமா என்று கேட்க வழியில்லை. பள்ளிக்கு வெளியிலும் தப்ப வழியில்லை: 1936 டிசம்பர் சட்டம் ஜெர்மன் இளையோர் அனைவரையும் ஹிட்லர் இளைஞர் அமைப்புக்குள் அடக்கியது.

யார் சொன்னாலும் மெய் காண்பதே அறிவு என்பது வள்ளுவம். மாணாக்கன் வினவ வேண்டும் என்பது நன்னூல். குரு சொன்னார் என்பதற்காகவே எதையும் ஏற்காதீர்கள் என்று காலாமர் குலத்தாருக்குச் சொன்னார் புத்தர். அரசு நடத்தும் கல்வி எல்லாரையும் ஒரே வார்ப்பில் வடித்துவிடும் என 1859இலேயே அஞ்சினார் ஜான் ஸ்டூவர்ட் மில். இத்தனை பேர் சொல்லியும் பாடநூல் அமைச்சரின் மேசையில்தான் இருக்கிறது.

நாட்டுப்பற்றையும் பொது மரபையும் பள்ளி கற்பிக்க வேண்டாமா என்பார்கள். கற்பிக்கட்டும், கேள்வி கேட்கும் பிள்ளையின் வாயை அடைக்காமல் கற்பிக்கட்டும்.

2023இல் வந்த காங்கிரஸ் அரசு ஹெட்கேவார், இந்துத்துவச் சிந்தனையாளர் சாவர்க்கர் ஆகியோர் பற்றிய பாடங்களை நீக்கியது. முடிவெடுத்தது அமைச்சரவை. பலர் மகிழ்ந்தார்கள், மகிழ்ந்தவர்கள் இந்த வழிமுறையைக் கவனிக்கவில்லை. சேர்த்த கையும் நீக்கிய கையும் ஆட்சியின் கைகளே. நூல்கள் ஏற்கெனவே பள்ளிகளுக்குப் போய்விட்டிருந்ததால், மாற்றங்கள் துணைநூலாக அனுப்பப்பட்டன. ஆட்சி மாறினாலும் கலையாத, வரைவை முன்கூட்டியே மக்கள்முன் வைக்கும் அறிஞர் குழுவிடம் பாடநூலை ஒப்படைக்க இரு தரப்பும் இசையும்வரை, அடுத்த தேர்தலுக்குப் பின்னும் துணைநூல் வரும்.