உறவும் நடுவுநிலையும்

வாடகை செலுத்தாதவரை வீட்டைவிட்டு வெளியேற்றுவது வீட்டுக்காரரின் உரிமை. வீடற்று வந்து நிற்கும் உறவினருக்கு இடமளிப்பது சுற்றத்தாரின் கடமை. இவ்விரண்டும் இருவேறு மனிதரிடத்தில் இருக்கும் வரையில் உலகம் பெரிய சிக்கலின்றி இயங்குகிறது. ஒருவரே வீட்டுக்காரராகவும் உறவினராகவும் இருக்க நேர்ந்தால், அவர் எவ்வழி நடப்பது? திருக்குறளில் நடுவுநிலைமைக்கும் ஓர் அதிகாரம் உண்டு. சுற்றந்தழாலுக்கும் ஓர் அதிகாரம் உண்டு. இரண்டும் போற்றத்தக்கனவே. ஆனால் இரண்டும் ஒரே வேளையில் ஒரே கதவைத் தட்டும்போதுதான் தலைமையின் தரம் புலப்படுகிறது.

ஆஸ்திரேலியப் பூர்வகுடி மக்கள் தமக்கெனத் தாமே நடத்தும் வீட்டுவசதி நிறுவனங்களின் தலைவர்கள் இந்த ஓசையை நாள்தோறும் கேட்பவர்கள். அவர்களுடைய இக்கட்டை உணர்வதற்குச் சிட்னி மாநகரின் ரெட்ஃபெர்ன் வட்டாரத்து வரலாறு ஒன்றே போதும்.

ரெட்ஃபெர்ன், காடிகல் மக்களின் தொல்நிலம். 1788இல் ஆங்கிலேயர் குடியேறிய பின்னர் மண்ணின் மைந்தர்கள் தம் மண்ணிலேயே இடமற்றோர் ஆயினர். இருபதாம் நூற்றாண்டில் வேலை தேடி நாட்டுப்புறங்களிலிருந்து ரெட்ஃபெர்னுக்கு வந்த பூர்வகுடிக் குடும்பங்களுக்கு வாடகை வீடு கிடைப்பதும் அரிதாயிருந்தது. 1972இல், ஆளின்றிக் கிடந்த வரிசை வீடுகளில் தங்கியவர்களைக் காவலர் கைது செய்தனர். டெட் கென்னடி என்னும் கத்தோலிக்கப் பாதிரியார் வீடற்றோருக்கு அடைக்கலம் தந்தார். பாப் பெலியர், அவருடைய துணைவியார் கே பெலியர் முதலானோர் முன்னின்று உழைத்தனர். கட்டடத் தொழிலாளர் சங்கம் துணை நின்றது. 1973இல் காஃப் விட்லம் அரசு வழங்கிய மானியத்தைக் கொண்டு அவ்வீடுகளை வாங்கும் பணி தொடங்கிற்று. அவ்வாறு பிறந்ததே ‘அபோரிஜினல் ஹவுசிங் கம்பெனி’. ‘தி பிளாக்’ என்று வழங்கப்பட்ட அத்தெருக்கள் அம்மக்களின் மானத்திற்கே அடையாளமாயின. பாப் பெலியரும் பின்னாளில், 1996இல், ஆஸ்திரேலியாவின் முதல் பூர்வகுடி நீதிபதியாக உயர்ந்தார்.

நிலம் கைக்கு வந்தது. அதனுடன் சுமையும் வந்தது. இத்தகைய நிறுவனங்களில் ஒழுகும் கூரையைச் செப்பனிடும் பணம் பெரும்பாலும் வாடகையிலிருந்துதான் வரவேண்டும். அவ்வாடகையோ எளிய மக்களின் குறைந்த வருவாயிலிருந்து வரவேண்டும். உள்ளதைச் சுற்றத்தாருடன் பகிர்ந்து கொள்வதைக் கடமையெனக் கருதும் சமுதாயத்தில், வீடு தேடி வந்த உறவினரை வாசலில் நிறுத்த எவருக்கும் மனம் வராது. ஒரு குடும்பத்திற்கென அமைந்த வீட்டில் மூன்று குடும்பங்கள் தங்கும்; செலவு பெருகும்; வாடகை பாக்கி விழும். பாக்கி வைத்தவன் தலைவருக்கு அத்தை மகனாகவும் இருக்கக்கூடும். அவனுக்கு மட்டும் விலக்களித்தால், தவறாமல் வாடகை செலுத்தும் ஒரு மூதாட்டியின் கூரை ஒழுகிக்கொண்டே இருக்கும். விலக்களிக்காவிடில், அடுத்த துக்க வீட்டில் அவனுடைய தாயின் முகத்தில் விழித்தாக வேண்டும். அரசாங்க அதிகாரி மாலையில் கோப்பை மூடிவிட்டுத் தம் வட்டாரத்திற்குத் திரும்பிவிடலாம். இத்தலைவருக்கோ அவ்வட்டாரமே வீடு. கோப்பில் இருப்பவர்களே உறவு.

இந்த இக்கட்டு ரெட்ஃபெர்னில் ஊரறிய வெடித்தது. காலப்போக்கில் ‘தி பிளாக்’ வீடுகள் சிதைந்தன. போதைப்பொருளின் கொடுமையும் அங்கே புகுந்தது. நிறுவனம் அவ்வீடுகளைப் படிப்படியாக இடித்துவிட்டுப் புதிய திட்டம் ஒன்றை வகுத்தது. ஆங்கிலேயரை எதிர்த்துப் போரிட்ட பெமுல்வுய் என்னும் வீரனின் பெயரே அதற்குச் சூட்டப்பட்டது. வருவாய் தரும் வணிகக் கட்டடங்களும் மாணவர் விடுதியும் முதலில். பூர்வகுடி மக்களுக்கான 62 வீடுகள் பின்னர் என்று வரிசை வகுக்கப்பட்டது. இதனை எதிர்த்து, 2014 மே மாதத்தில், விராஜுரி இனத்து மூத்த பெண்மணி ஜென்னி மன்ரோ தம் தோழர்களுடன் அவ்வெற்று நிலத்தில் கூடாரம் அமைத்து அமர்ந்தார். “வீடுகளே முதலில்” என்பது அவர்களுடைய கோரிக்கை. கூடாரங்கள் ஓராண்டுக்கு மேல் நின்றன. நிறுவனம் நீதிமன்றம் சென்றது. 2015 ஆகஸ்டில் தீர்ப்பு நிறுவனத்தின் பக்கம் அமைந்தது. வெளியேற்றப்பட்டவர்களுக்காகப் பிறந்த நிறுவனம், தன் மக்களையே வெளியேற்றும் ஆணையைப் பெற்று நின்றது.

இதனைத் துரோகம் என்று சொல்லிவிடுவது எளிது. ஆயினும் வங்கிகள் கண்ணீரை நம்பிக் கடன் தருவதில்லை. வருவாயற்ற நிறுவனம் கட்டும் வீடு மீண்டும் சிதையும் என்று தலைவர்கள் அஞ்சியதில் பொய்யில்லை. மறுபுறம், கூடாரத்தில் இருந்தவர்களைப் பிடிவாதக்காரர்கள் என்று ஒதுக்குவதும் முறையாகாது. ‘பின்னர்’ என்ற சொல்லை இருநூறு ஆண்டுகளாகக் கேட்டுக் கேட்டு ஏமாந்த மக்கள், அதே சொல்லைத் தம்மவர் வாயிலிருந்து கேட்டபோது கலங்கியதில் வியப்பென்ன?

‘முதலில்’, ‘பின்னர்’ என்னும் இவ்விரு சொற்களுக்கு இடையில்தான் இங்கே அறம் தங்கியிருந்தது. பணம் குறைந்த எந்த நிறுவனத்திலும் எவரேனும் காத்திருந்தே ஆகவேண்டும். அதைத் தவிர்க்கும் ஆற்றல் எத்தலைவருக்கும் இல்லை. காத்திருக்கும் சுமையை எவர் தோளில் வைப்பது, அவருடைய சம்மதத்தைப் பெற்று வைத்தோமா என்பவையே அவர் தம்மைக் கேட்டுக்கொள்ள வேண்டிய வினாக்கள். சம்மதம் பெற்றுச் சுமத்திய பாரம் தியாகம் ஆகும். சம்மதமின்றிச் சுமத்தியது, கணக்கு எத்துணைச் சரியாயிருந்தாலும், ஆதிக்கமே ஆகும். மக்கள் தாமே ஆளும் அமைப்பு என்பதற்கு நாற்காலியில் நம்மவர் அமர்ந்திருப்பது மட்டும் பொருளன்று. அந்நாற்காலியின் முன் நின்று ‘ஏன்?’ என்று கேட்கும் உரிமை கடைசிக் குடியிருப்பாளருக்கும் இருப்பதே பொருள்.

ரெட்ஃபெர்னின் முடிவும் இதற்குச் சான்று. கூடாரப் போராட்டத்தின் முடிவில் மத்திய அரசு வீடுகளுக்கென ஐம்பது லட்சம் டாலர் வழங்க முன்வந்தது, கூடாரங்கள் அகன்றன. நாளடைவில் 62 வீடுகளும் எழுந்தன. 24 மாடி மாணவர் விடுதியும் எழுந்தது. நிறுவனத்தின் திட்டம் இல்லையேல் கட்டுவதற்கு வரைபடம் இல்லை. கூடாரத்தின் எதிர்ப்பு இல்லையேல் அந்தப் பணம் அவ்வேளையில் வந்திருக்குமா என்பது ஐயமே. தலைவர் பகையெனக் கருதிய குரலும் அவர் கட்ட விரும்பிய வீட்டிற்குச் செங்கல் சுமந்தது.

ஆதலின், உறவைத் துறந்தால்தான் நடுவுநிலை கைகூடும் என்று எண்ணுவது பிழை. உறவினருக்குத் தனிச்சலுகை தர இயலாத தலைவர், உரிய விளக்கத்தையேனும் தந்தாக வேண்டும். ‘இல்லை’ என்ற சொல்லைக் கடிதத்தில் எழுதி அனுப்பாமல், கணக்கேட்டையும் கையில் எடுத்துக்கொண்டு, அந்த அத்தையின் வீட்டுத் திண்ணைக்கே சென்று சொல்லும் துணிவு வேண்டும். அங்கே வசைமொழி கிடைக்கலாம். அதையும் கேட்டுவிட்டு மறுநாள் அதே தெருவில் நடப்பவரே அம்மக்களின் தலைவர்.