பதக்கம் வாங்கிய புத்தகம்

அக்கா மகளின் 14-வது பிறந்தநாளுக்கு ஆன்லைனில் நாவல் தேடியபோது, விருது வாங்கியவற்றை மட்டும்தான் பார்த்தேன். ஆபீஸில் ஒரு லைப்ரரியை எடுப்பதற்கு முன் கிட்ஹப்பில் எத்தனை ஸ்டார் என்று பார்ப்பேன், அதே பழக்கம். விவரம் தெரிந்தவர்கள் யாரோ ஏற்கெனவே பார்த்திருப்பார்கள், நான் வேறு எதற்குத் தனியாக மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டும்?

வந்து சேர்ந்தது கெவின் புரூக்ஸின் 'தி பங்கர் டைரி'. 2014-இல் பிரிட்டனின் கார்னெகி பதக்கம் பெற்ற நாவல். பிறந்தநாளுக்கு முந்தைய இரவு சும்மா பிரித்தவன் முழுதாகப் படித்துவிட்டேன். பார்வையற்றவர்போல் நடிக்கும் ஒருவனுக்கு உதவப்போய், 16 வயது லைனஸ் ஒரு நிலவறையில் அடைபடுகிறான். பிறகு இன்னும் ஐந்து பேர் வருகிறார்கள், அதில் ஒரு சிறுமியும் உண்டு. காப்பாற்ற யாரும் வருவதில்லை. (முடிவைச் சொல்லிவிட்டேன், மன்னிக்கவும். சொல்லாமல் இதை எழுத முடியாது.)

விருது அறிவித்ததும் அங்கே பெரிய சர்ச்சை. பிள்ளைகள் படிக்கும் கதையில் துளி நம்பிக்கையாவது வேண்டாமா என்று கேட்டார்கள். இளம் வாசகர்களைப் பொத்திவைக்கத் தேவையில்லை என்பது புரூக்ஸின் கட்சி. நானும் அவர் கட்சிதான், அந்த இரவு வரை.

கார்னெகியைத் தீர்மானிப்பவர்கள் நூலகர்கள். அவர்கள் எடைபோடுவது எழுத்தின் தரத்தை. அதில் எனக்குப் புகாரே இல்லை, அபாரமான நாவல். ஆனால் அவர்களுக்கு என் அக்கா மகளைத் தெரியாது. அவளுடைய தாத்தா, அதாவது என் அப்பா, இறந்து அப்போது நாலு மாசம். விளக்கை அணைத்தால் தூங்க மாட்டாள். நல்ல நாவலா என்பது ஒரு கேள்வி. இந்த வாரம், இவள் கையில், நான் இதைக் கொடுக்கலாமா என்பது வேறு கேள்வி. இரண்டுக்கும் சேர்த்துப் பதக்கமே பதில் சொல்லிவிடும் என்று நம்பியிருக்கிறேன்.

புத்தகத்தை அலமாரியில் பின்வரிசையில் தள்ளிவிட்டு ஒரு வாட்ச் வாங்கிக் கொடுத்தேன். அவளைக் காப்பாற்றியதாகத்தான் அப்போது நினைப்பு. படித்துவிட்டு அவள் அழுதால் பக்கத்தில் உட்கார்ந்து பேச எனக்குத் தெம்பில்லை என்பதுதான் நிஜம். அப்பா போனதிலிருந்து அவரைப் பற்றி அவளிடம் ஒரு வார்த்தை பேசியிருக்கவில்லை.

அடுத்த கோடை லீவில் வந்தவள் அலமாரியைத் துழாவி அதையே எடுத்தாள். இரண்டு நாளில் முடித்துவிட்டாள்.

"மாமா, அவங்களை அடைச்சுவச்சது யாருன்னு கடைசிவரைக்கும் சொல்லவே இல்லையே. எதுக்குன்னும் சொல்லல."

நான் பயந்தது கதையில் வரும் சாவுகளுக்கு. அவளுக்கு அது பெரிதாகவே படவில்லை.

"அப்படித்தான் எழுதியிருக்கார்."

"இது போங்கு மாமா."

கொஞ்ச நேரம் பக்கங்களைப் புரட்டிக்கொண்டிருந்தாள்.

"தாத்தாவுக்கு ஏன் அப்படி ஆச்சுன்னு டாக்டரும் சொல்லலைல்ல?"

"சொல்லலைடா" என்றேன்.

அன்று நாங்கள் மதியம் சாப்பிட உட்கார்ந்தபோது மணி மூன்றரை.