அமானிதமும் சாட்சியும்

பிறர் பொருளைப் பாதுகாக்கும் பொறுப்பை ஏற்றவர் நேர்மையாளராக இருந்தால் மட்டும் போதுமா? அந்த நேர்மையைப் பொருளுக்கு உரியவர்கள் கண்டறிய வழியும் இருக்க வேண்டுமா? அமானிதம் பற்றிப் பேசும்போது நாம் பெரும்பாலும் முதல் வினாவோடு நின்றுவிடுகிறோம். இரண்டாவது வினாவின் கனத்தை உணர்த்தும் நிகழ்ச்சி ஒன்று அமெரிக்காவில் நடந்தது.

நியூயார்க் மாநிலத்தில் வெஸ்ட்செஸ்டர் என்றொரு கவுண்டி உண்டு. கவுண்டி என்பது நம் மாவட்டத்தை ஒத்த ஆட்சிப் பிரிவு. ஆனால் மக்கள் தேர்ந்தெடுக்கும் தலைவரும் மன்றமும் அதற்கு உண்டு. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் உருவான விமான நிலையம் ஒன்று அக்கவுண்டிக்குச் சொந்தமாக இருக்கிறது. 2016 நவம்பரில், அன்றைய கவுண்டித் தலைவர் ராப் அஸ்டோரினோ அதனை ஓக்ட்ரீ என்னும் முதலீட்டு நிறுவனத்துக்கு 40 ஆண்டுக் குத்தகையாக விட முன்வந்தார். ஒப்பந்தத்தின் மதிப்பு 14 கோடி டாலர் எனப்பட்டது. அதிலிருந்து 1 கோடியே 50 லட்சம் டாலர், 2017ஆம் ஆண்டின் வரவு செலவுத் திட்டத்தில் வரவாகவே எழுதப்பட்டிருந்தது. பொருளுக்கு உரியவர்கள் செய்தியை அறியும்போதே விலைப்பணத்துக்குச் செலவும் வகுக்கப்பட்டாயிற்று!

மன்ற உறுப்பினர் பலர் எதிர்த்தனர். போட்டிக்கு அழைப்பு விடாமல் ஒரு நிறுவனத்தைத் தேர்ந்தது ஏன் என்று கேட்டனர். ஊர் மக்களுக்கோ வேறு கவலைகளும் இருந்தன. நியூயார்க் நகருக்குக் குடிநீர் தரும் கென்சிகோ நீர்த்தேக்கம் அருகிலேயே உள்ளது. அரை மணி நேரத்தில் 240 பயணிகளுக்கு மேல் முனையத்தைப் பயன்படுத்தலாகாது என்ற வரம்பும் அங்கு உண்டு. இலாபம் நாடும் குத்தகைதாரர் கையில் இவை என்னவாகும் என்பதை அறிய ஒப்பந்தத்தின் வாசகம் அவர்களுக்கு வேண்டியிருந்தது.

எதிர்ப்பின் விளைவாக 2017இல் போட்டி முறையில் ஒப்பந்தப்புள்ளிகள் கோரப்பட்டன. இறுதியில் மெக்குவாரி என்னும் நிறுவனத்தின் திட்டம் தேர்வாயிற்று. 40 ஆண்டுகளில் அதன் மொத்த மதிப்பு 110 கோடி டாலர் என்று அறிவிக்கப்பட்டது. இரு தொகைகளையும் ஒரே அளவுகோலால் அளந்தார்களா என்பது கணக்கறிந்தோர் ஆராய வேண்டியது. ஆயினும் கதவு திறந்த பின் வந்த தொகை, மூடியிருந்தபோது பேசப்பட்டதற்குப் பக்கத்திலேயே இல்லை என்பது வெளிப்படை. அவ்வாண்டு நவம்பர்த் தேர்தலில் அஸ்டோரினோ தோற்றார். 2018இல் ஜார்ஜ் லாட்டிமர் பொறுப்பேற்றபின் திட்டமே கைவிடப்பட்டது.

இத்தகைய குத்தகையில் ஆட்சியாளருக்கு ஏன் ஆவல் என்பதையும் அறிய வேண்டும். நடுவண் அரசின் மானியம் பெற்ற விமான நிலையத்தின் வருவாயை அந்நிலையத்துக்கே செலவிட வேண்டும் என்பது அமெரிக்கச் சட்டம். 1996இல் தொடங்கிய தனியார்மயத் திட்டமோ, விமான நிறுவனங்களில் 65 விழுக்காட்டினர் இசைந்தால் குத்தகைப் பணத்தைப் பொதுச் செலவுக்கு எடுக்க இடந்தருகிறது. பற்றாக்குறையில் தவிக்கும் நிர்வாகத்துக்கு இது பெருங்கவர்ச்சி. இதில் தீய எண்ணம் இருந்துதான் ஆக வேண்டும் என்பதில்லை. வரியை உயர்த்தாமல் பற்றாக்குறையை அடைப்பதும் மக்கள் நலனே என்று ஒருவர் மனமார நம்பலாம்.

அப்படியானால், நல்லெண்ணம் கொண்டவரிடம் கணக்குக் கேட்பது அவரை ஐயுறுவதாகாதா?

ஆகாது என்பதே ஷரீஅத்தின் தெளிவான விடை. ஆட்சியாளருக்கும் குடிமக்களுக்கும் உள்ள தொடர்பு, எத்தீமின் காப்பாளருக்கும் எத்தீமுக்கும் உள்ள தொடர்பே என்று இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்கள் கூறியதாக இமாம் ஸுயூத்தி (ரஹ்) எடுத்துரைக்கிறார்கள். இந்த ஒப்புமையைப் பிடித்துக்கொண்டு திருமறைக்குச் செல்வோம். எத்தீம்களின் பொருளை அவர்களிடம் ஒப்படைக்கும்போது சாட்சிகளை வைத்துக்கொள்ளுமாறு அந்நிஸா அத்தியாயத்தின் ஆறாம் வசனம் பணிக்கிறது. கணக்கெடுக்க அல்லாஹ் போதுமானவன் என்பதும் அதே வசனத்தில்தான் வருகிறது. இறைவன் பார்க்கிறான் என்ற நம்பிக்கை, மனிதர் சாட்சியைத் தேவையற்றதாக்கவில்லை. இரண்டும் அங்கே அருகருகே நிற்கின்றன. கையாடிய காப்பாளருக்கு மட்டும் உரிய கட்டளையன்று இது. உத்தமரான காப்பாளருக்கும் உரியது.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பள்ளிவாசலில் இஃதிகாஃப் இருந்தபோது, தம்மைக் காண வந்த அன்னை ஸஃபிய்யா (ரலி) அவர்களை இரவில் வழியனுப்ப எழுந்தார்கள். அவ்வழியே சென்ற அன்ஸாரிகள் இருவர் விரைந்து நடக்க, அவர்களை நிறுத்தி, உடன் இருப்பவர் ஸஃபிய்யாவே எனத் தெளிவுபடுத்தினார்கள். அல்அமீன் எனப் பெயர் பெற்ற பெருமானார், ‘என்னையா ஐயுறுவீர்கள்?’ என்று கேட்கவில்லை. பிறர் உள்ளத்தில் ஐயம் புகும் வழியைத் தாமே முன்வந்து அடைத்தார்கள். அவர்களைவிட நம்பிக்கைக்குரியவர் எந்த அலுவலகத்தில் அமர்ந்திருக்கிறார்?

வாணிபத்தில் மறைவு வேண்டும், எல்லாவற்றையும் முன்பே பரப்பினால் விலை கெடும் என்பார்கள். இதில் பாதி உண்மை உண்டு. விலைப்புள்ளிகள் திறக்கப்படும் நாள்வரை ஒருவர் தொகை மற்றவருக்குத் தெரியலாகாது. அந்த மறைவு பொருளுக்கு உரியவரைக் காக்கிறது. ஆனால் தேர்வு முடிந்த பின்னும் கையெழுத்தாகும்வரை நிபந்தனைகளை மூடிவைப்பது, உரியவரிடமிருந்தே அவர் பொருளை மறைப்பதாகும். மறைவு யாருக்குக் காவல், யாருக்கு எதிர் என்று கேட்டால் இரண்டும் பிரிந்துவிடும்.

காலத்தின் நீளம் இக்கடமையை இன்னும் கனமாக்குகிறது. 2008இல் சிகாகோ நகரம் தன் தெருக்களில் இருந்த 36,000 வாகன நிறுத்தக் கட்டணக் கருவிகளை 75 ஆண்டுகளுக்கு ஏறக்குறைய 115 கோடி டாலருக்குக் குத்தகை விட்டது. நகர மன்றம் சில நாட்களிலேயே இசைவளித்தது. கருவிகளைத் தன்னிடமே வைத்திருந்தால் நகருக்குக் கிடைத்திருக்கும் மதிப்பைவிட அத்தொகை குறைந்தது 97 கோடி டாலர் குறைவு என்று, மறு ஆண்டில் நகரின் தலைமை ஆய்வாளரே அறிக்கை தந்தார். கையெழுத்து உலர்ந்தபின் வந்த உண்மையால் என்ன பயன்? அன்று பிறந்திராத பிள்ளைகளையும் அது கட்டிவிட்டது.

வக்ஃபு வீட்டை ஓராண்டுக்கும் நிலத்தை மூன்றாண்டுக்கும் மேல், வக்ஃபின் நலன் வேண்டினாலன்றி, குத்தகைக்கு விடலாகாது என்று ஹனஃபி மத்ஹபின் பிற்கால ஃபுகஹாக்கள் வரையறுத்தார்கள். நெடுங்காலம் ஒருவர் கையில் இருந்தால் அவரே உரிமையாளர் எனத் தோன்றிவிடும் என அஞ்சினார்கள். நியாயமான சந்தை வாடகைக்குக் குறைத்து விடுவதையும் தடுத்தார்கள். சந்தை வாடகை இன்னதென்று அறிய, நாலு பேர் அறியக் கேட்டாக வேண்டும். ஆகவே அச்சட்டத்துக்குள்ளேயே வெளிப்படைத்தன்மை குடியிருக்கிறது.

வெஸ்ட்செஸ்டர் மக்கள் ஃபிக்ஹு நூல்களைப் புரட்டியவர்கள் அல்லர். ஆயினும் அவர்கள் கேட்டது எத்தீமுக்கு உரிய அதே சாட்சியைத்தான். நம் மஹல்லாக்களில் பள்ளிவாசலுக்கு உரிய கடைகளும் தோப்புகளும் உள்ளன. அவற்றின் குத்தகை எத்தனை ஆண்டு, வாடகை எவ்வளவு, யாருக்கு விடப்பட்டது என்பதை ஜமாஅத்தார் கேட்டால் அதை அவமதிப்பாகக் கொள்ளும் முத்தவல்லிகளும் நம்மிடையே உண்டு. கேட்பவர்கள் அவர்களுக்குப் பகைவர்கள் அல்லர்; திருமறை அழைக்கச் சொன்ன சாட்சிகள். கேட்கும்முன்னே கணக்கை வாசித்துக் காட்டும் நற்பேற்றை, பொதுப்பொருளின் பொறுப்பேற்ற அனைவர்க்கும் அல்லாஹ் அருள்வானாக! ஆமீன்.